தண்ணீர் தெளித்த மைதானம்

பி.டி. பீரியடை இனி எந்த வாத்தியாரும் பிடுங்கிக்கொள்ளக் கூடாதாம். கணக்கு டீச்சர் வந்து நிற்கக் கூடாதாம், அறிவியல் டீச்சர் விட்டுப்போன பாடத்தை அதில் முடிக்கக் கூடாதாம், பிள்ளைகளை மைதானத்தில் விட்டே ஆக வேண்டுமாம். நம் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் உங்களில் யாரோ அந்தச் செய்தியை அனுப்பியிருந்தீர்கள். அதற்குக் கீழே கை தட்டும் படங்கள், சிரிக்கும் படங்கள், இதயங்கள். நான் ஒன்றும் போடவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்துக்கு இன்னும் யாரும் படம் செய்யவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தக் குழுவில் என் தங்கச்சி இல்லை. அது பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் குழு, அவள் ஒன்பதாவதோடு நின்றவள். சித்தப்பா மகள். என்னைவிடச் சில மாதம் சின்னவள், என் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தவள். உங்களில் பலருக்கு அவள் முகம் மறந்திருக்கும். அவள் ஓடியது மறந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நம் பள்ளிக்கூடத்துக்கு இருந்த ஒரே சொத்து அந்த மைதானம்தான். அரியலூரை ஒட்டி, சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்வரும் சாலையோரம் அது பாட்டுக்குக் கிடந்தது. வகுப்பறைகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் வைத்தாலும் அதில் ஒரு மூலைதான் அடையும். ஓரத்தில் கொடுக்காப்புளி மரம். மழை நின்று தை பிறந்துவிட்டால் மண் காய்ந்து, லேசாகக் காற்றடித்தாலே வெள்ளைப் புழுதி கிளம்பி ஜன்னல் வழியாக நோட்டின் மேல் வந்து உட்காரும். நமக்கும் அந்த மைதானத்துக்கும் இருந்த தொடர்பு பெரும்பாலும் அந்தப் புழுதி மட்டும்தான்.

டிரில் மாஸ்டர் மாற்றலாகிப் போனவர் போனவர்தான், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. கால அட்டவணையில் 'விளையாட்டு' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கும். அந்த மணி அடித்ததும் கணக்கு டீச்சர் உள்ளே வருவார். "ஆடி என்னாத்தக் கிழிக்கப் போறீங்க? நோட்ட எடுங்க" என்பார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குத் தேர்ச்சி விகிதம் காட்ட வேண்டியிருந்தது. நாம் எத்தனை பேர் மூச்சு வாங்க ஓடினோம் என்று அவரை யாரும் கேட்கப் போவதில்லை. இன்டர்வெல்லிலும் பெரிய வித்தியாசமில்லை. வரிசையாகப் போய், வரிசையாக வந்து, திரும்ப உட்கார வேண்டும். கொடுக்காப்புளி பொறுக்க ஓடுகிறவளுக்குக் காதில் ஒரு திருகல்.

அந்த வருஷம் தை கடைசியில் ஆண்டாய்வு வருகிறது என்றார்கள். மாவட்டத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்து வகுப்பு வகுப்பாகப் பார்ப்பார், மதியம் விளையாட்டும் பார்ப்பார். உடனே எல்லோருக்கும் விளையாட்டின் மேல் பாசம் பொங்கிவிட்டது. துருப்பிடித்த பீரோவைத் திறந்தார்கள். வெளியே வந்தவை: காற்றில்லாத எறிபந்து, வெடித்துப்போன டெனிகாய்ட் வளையம், ஒரு பக்கம் நசுங்கிய பித்தளை விசில். இதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரிக்கு எதைக் காட்டுவது? பந்தும் வேண்டாம், வலையும் வேண்டாம், நட்டு வைத்த இரண்டு மரக் கம்பங்களும் பிள்ளைகளும் போதும் என்று கோ-கோவைத் தேர்ந்தெடுத்தார்கள். பொறுப்பு தையல் டீச்சரிடம் வந்தது. அவருக்கும் விளையாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தையல் தேர்வுப் பாடம் இல்லை என்பதால் அவர் சும்மா இருக்கிறவர் என்று பெரிய டீச்சருக்கு, அதாவது தலைமையாசிரியைக்கு, ஒரு எண்ணம்.

மனசு வைத்து யோசித்துப் பாருங்கள், நம் பள்ளி வாழ்க்கையிலேயே நன்றாக இருந்தது அந்தக் கொஞ்ச நாள்தான். தாவணியை இடுப்பில் சுற்றிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு மண்ணில் இறங்கினோம். எனக்குக் கட்டத்தில் உட்காரும் வேலை. கோ-கோவில் துரத்துகிற அணி ஒரே வரிசையில், இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தி என்று முகம் பார்த்து, அவரவர் கட்டத்துக்குள் கையை ஊன்றிக் குந்தியிருக்க வேண்டும். துரத்துகிறவள் வந்து முதுகில் தட்டி 'கோ' என்று சொன்னால்தான் எழலாம். சொல்லாமல் எழுந்தால் தப்பு. அந்தக் 'கோ'வுக்காக முதுகு கூசிக்கொண்டு காத்திருக்கும் சுகம் இருக்கிறதே, அதை நான் வேறெதிலும் கண்டதில்லை.

தங்கச்சி ஓடுகிறவள். குந்தியிருக்கிற எங்களுக்கு நடுவே புகுந்து புகுந்து வெளியேறுவாள். பிடித்துவிட்டோம் என்று கை நீட்டும்போது அவள் அடுத்த கம்பத்தில் சாய்ந்து நிற்பாள். கணக்கில் அவளை மக்கு என்று சொல்லிச் சொல்லியே குனிய வைத்திருந்தார்கள். மைதானத்தில் மட்டும் அவள் முகத்தில் ஒரு திமிர் வரும். எனக்கு அந்தத் திமிர் ரொம்பப் பிடிக்கும்.

அரைப்பரீட்சையில் அவள் கணக்கில் தோற்றதிலிருந்தே சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டிருந்தார். காட்டில் பருத்தி வெடித்துக் கிடந்தது, எடுக்க ஆள் கிடைக்கவில்லை. தையல் டீச்சர் ஒரு நாள் சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே பேசியது எனக்கு இன்னும் கேட்கிறது.

"நிறுத்திடாதீங்க. இவ கால் சாதாரண கால் இல்லீங்க. மாவட்ட டீமுக்கு எடுத்துட்டாங்கன்னா ஆஸ்டல்ல சேத்துக்குவாங்க. சாப்பாடு, படிப்பு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க."

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரிங்க டீச்சர். வர்ற ஆபீசரு முன்னாடி நல்லா ஆடி பேரு வாங்கட்டும், பத்தாவது படிக்கட்டும். இல்லன்னா வூட்டோட இருக்கட்டும். நாங்க என்னா கலெக்டருக்கா படிக்க வெக்கிறோம்?"

பெரிய டீச்சரும் எங்களிடம் ஒரு வாக்குக் கொடுத்தார். அவர் திருச்சி டவுனிலிருந்து வந்தவர், வாக்கு என்றால் மேடையில் பேசுவது போலத்தான் சொல்லுவார். "அதிகாரிகிட்ட நல்ல பேர் வாங்கிக் கொடுத்தீங்கன்னா, விளையாட்டு பீரியட் இனிமே உங்களுக்குத்தான். யாரும் எடுக்க மாட்டாங்க. புது பி.டி. டீச்சரும் கேட்டு வாங்கித் தரேன்." அன்று தங்கச்சி என் கையை அழுத்திப் பிடித்தது வலித்தது. எங்களுக்கு ஒரு பீரியட் கிடைக்கப் போகிறது, அவளுக்குப் பள்ளிக்கூடமே கிடைக்கப் போகிறது. ஆடி ஜெயித்தால் போதும் என்று நாங்கள் நம்பினோம்.

ஆய்வுக்காகச் சுவர்களுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் தகர டிரம்மில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள், அது அடுப்பே இல்லாமல் தளதளவென்று கொதிக்கும். இன்டர்வெல்லில் வரிசை தவறி ஓடிப்போய் அதை எட்டிப் பார்த்திருக்கிறோம். ஆவியில் ஒரு கார வாடை வரும், தொண்டை கமறும். "கிட்டப் போவாத, கண்ணு போயிடும்" என்று பள்ளிக்கூட ஆயா விரட்டும். சுண்ணாம்பு ஊரில் பிறந்த நமக்கு இதெல்லாம் புதுசா என்ன?

கோடு போடப் பொடி வேண்டியிருந்தது. டிரம்மில் இருந்தது குழம்பு, அதைக் காயவைத்துப் பொடியாக்க நாள் இல்லை. நீற்றாமல் மிச்சம் கிடந்த கட்டிகளை உலக்கையால் இடித்து, முந்தின நாள் சாயங்காலம் தையல் டீச்சர் கட்டமும் கோடும் போட்டார். காய்ந்த மண், காய்ந்த பொடி, அப்படியே இருந்திருந்தால் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. மறுநாள் மதியம் பெரிய டீச்சர் மைதானத்தைப் பார்க்க வந்தார். காற்றில் புழுதி கிளம்பியது. "இவ்வளவு தூசியில அதிகாரியை எப்படி உக்கார வைக்கிறது? தண்ணி தெளிங்க" என்றார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வாளி வாளியாகக் கொண்டுவந்து தெளித்தார்கள். மண் வாசனை வந்தது. எல்லோரும் ஆகா என்று மூச்சை இழுத்தோம்.

தையல் டீச்சர் அப்போது வேறொரு வகுப்பில் இருந்தார். அவர் மைதானத்துக்கு வந்தபோது ஜீப் வாசலில் நின்றுவிட்டது. ஈரத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதை நான் கண்டேன். பெரிய டீச்சரிடம் வேகமாகப் போய் ஏதோ சொன்னார். பெரிய டீச்சர் அதிகாரியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை மாற்றாமலே, "எல்லாம் அப்புறம். ஆட்டத்தை ஆரம்பிங்க" என்றார். தையல் டீச்சர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு விசிலை ஊதினார். அவர் ஏன் ஊதினார் என்று எத்தனையோ வருஷம் அவரைத் திட்டியிருக்கிறேன். இப்போது பெரிய டீச்சரைத்தான் திட்டுகிறேன். நாளைக்கு யாரைத் திட்டுவேனோ தெரியாது.

முதலில் சூடாகத்தான் இருந்தது. வெயில் மண் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் விரல் நுனியில் ஊசி குத்துவது போல் ஆரம்பித்து, உள்ளங்கால் எரிந்தது. பக்கத்துக் கட்டத்துக்காரியைப் பார்த்தேன், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். யாரும் எழவில்லை. எழுந்தால் தப்பு. அழுதால் ஆட்டம் நிற்கும், ஆட்டம் நின்றால் பீரியட் போகும். நீங்களும் அப்படித்தானே நினைத்தீர்கள்? ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவே இல்லை. ஆனாலும் அத்தனை பேரும் ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டு எரிகிற சுண்ணாம்பின் மேல் குந்தியிருந்தோம்.

தங்கச்சி கோடுகளை மிதித்து மிதித்து ஓடினாள். வழக்கத்தைவிட வேகமாக ஓடினாள். கால் தரையில் படும் நேரத்தைக் குறைக்க அப்படி ஓடினாள் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதிகாரி இளநீரைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். "யாருங்க அந்தப் பொண்ணு? பிரமாதம். இன்னொரு இன்னிங்ஸ் ஆடட்டும், பாப்போம்" என்றார். அவர் நல்ல மனுஷன்தான். உண்மையாகவே ரசித்துத்தான் கேட்டார்.

இன்னொரு இன்னிங்ஸும் ஆடினோம்.

முடிந்ததும் மைக்கைப் பிடித்தார். இந்தப் பள்ளியில் உடற்கல்வி மிகச் சிறப்பாக நடக்கிறது என்றார். தையல் ஆசிரியையே இவ்வளவு அருமையாகப் பயிற்சி கொடுக்கும்போது, தனியாக உடற்கல்வி ஆசிரியர் உடனடியாகத் தேவையில்லை, ஆளே இல்லாமல் தவிக்கிற பள்ளிகளுக்கு முதலில் அனுப்பலாம் என்றார். பெரிய டீச்சர் தலையாட்டினார். நாம் கை தட்ட வேண்டும் என்று கண் காட்டினார்கள். தட்டினோம். என் விரல் நுனித் தோல் உரிந்து உள்ளங்கையில் ஒட்டியது.

ஜீப் போன பிறகுதான் அழுகை வெடித்தது. ஆயா தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்தது, யாரோ பேனா மையைத் தடவச் சொன்னார்கள், யாரோ குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்கள். தங்கச்சி மட்டும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளால் காலை எடுத்து வைக்க முடியவில்லை. அப்போதும் என்னிடம் என்ன கேட்டாள் தெரியுமா? "அக்கா, பேரு வாங்கிட்டம்ல?"

சித்தப்பா சைக்கிளில் வந்தார். அவள் காலில் சுற்றியிருந்த வாழையிலையைப் பார்த்தார். எங்கே எப்படி என்று கேட்கவில்லை. "படிக்க அனுப்புனேனா, ஆட அனுப்புனேனா? பொட்டப் புள்ளைய மைதானத்துல ஓட வுட்டா இதான் வரும்" என்று பொதுவாகக் கத்தினார். ஆடிப் பேர் வாங்கட்டும் என்று சொன்னவர் அவர்தான். அதை ஞாபகப்படுத்தத் தையல் டீச்சர் வாயெடுத்தார். பெரிய டீச்சர் முந்திக்கொண்டு, "நீங்க சொல்றது சரிதாங்க. இனிமே இந்த விளையாட்டே இருக்காது" என்றார். அவ்வளவுதான், எல்லோருக்கும் அது வசதியாக முடிந்துபோனது. சுண்ணாம்பை இடித்துப் போட்டது தப்பில்லை, தண்ணீர் தெளித்தது தப்பில்லை, சொல்ல வந்தவரின் வாயை அடைத்தது தப்பில்லை. ஆடியதுதான் தப்பு.

மறு வாரம் கணக்கு டீச்சர் திரும்ப வந்தார். மைதானத்தில் கால் வைத்தால் டி.சி. என்றார்கள். இன்டர்வெல்லில் ஒருவர் பின் ஒருவராகக் கழிப்பறைக்குப் போய் வந்தோம், கொடுக்காப்புளி உதிர்ந்து வீணாகக் கிடந்தது. தையல் டீச்சரை எங்கேயோ மாற்றினார்கள். கம்பங்கள் இரண்டும் சத்துணவு அடுப்புக்குப் போயின. அவள் சாய்ந்து சாய்ந்து, தோள் பட்டுப் பட்டே வழுவழுப்பாகிப்போன கம்பம், அது எரிந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பித்தளை விசில் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் விசாரித்துப் பார்த்துவிட்டேன், உங்களில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

தங்கச்சி கால் ஆறியது. அதற்குள் பருத்திக் காடு அவளை எடுத்துக்கொண்டது. பாவாடையைத் தூக்கிச் செருகி, மடியில் பஞ்சு கட்டிக்கொண்டு, பாத்தியில் மெல்ல மெல்ல நடப்பாள். நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்துக் கையசைப்பாள். இரண்டொரு வருஷத்தில் திருமானூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மெட்டி போட அம்மிமேல் காலை வைத்தபோது மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, "கால்ல என்னா இவ்ளோ தழும்பு?" என்று கேட்டாள். சித்தி, "சுடுதண்ணி கொட்டிக்கிச்சு" என்றார். விளையாடினாள் என்று சொல்வதைவிட அது கௌரவமாக இருந்தது போலும்.

எனக்கு இந்த விரல்கள் மிச்சம். ரேஷன் கடை மிஷினில் ரேகை விழுவதில்லை. "என்னா வேலை பாக்குறீங்கம்மா, ரேகையே தேஞ்சு போச்சு?" என்று கடைக்காரர் ஒவ்வொரு மாதமும் கேட்கிறார். நான் ஆட்டம் ஆடியதாகச் சொன்னால் அவர் நம்பமாட்டார். நம் மைதானத்தில் இப்போது கட்டடம் நிற்கிறது, கூடுதல் வகுப்பறைகளாம். உட்கார இடம் வேண்டுமே.

போன வாரம் பெரம்பலூரில் தங்கச்சி தன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். என் வீட்டுக்கு அடுத்த தெரு. போனேன். மகளின் மகள் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள், டவுனில் பெரிய தனியார் பள்ளிக்கூடம். ஸ்கூல் வேனிலிருந்து இறங்கிக் கைகால்கூடக் கழுவாமல், கூடத்தில் தரையில் உட்கார்ந்து டியூஷனுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். தங்கச்சி பாதத்தின் ஓரத்தை ஊன்றித்தான் நடப்பாள், அப்படியே நடந்து வந்து எனக்குக் காப்பி கொடுத்தாள். நான் போனை எடுத்து அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன்.

முழுசும் கேட்டாள். பேத்தி பக்கம் திரும்பி, "ஒங்க பள்ளிக்கூடத்துல விளையாட்டு பீரியட் உண்டாடி?" என்றாள்.

"ம், இருக்கு அம்மாயி. போன வாரத்துலேருந்து மேக்ஸ் மிஸ் வர்றதில்ல."

"அப்ப என்னா பண்ணுவீங்க?"

"கிளாஸ்லயே உக்காந்திருப்போம். சத்தம் போடாம உக்காந்திருந்தா ஒரு நாளு கிரவுண்டுக்கு வுடறேன்னு மிஸ் சொல்லிருக்காங்க."

அவள் பேனாவை நிறுத்தாமலேதான் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. தானும் தோழிகளும் எவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறோம் என்ற பெருமைகூட அதில் இருந்தது. எனக்கு விரல் நுனியெல்லாம் எரிந்தது.

தங்கச்சி டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து, அந்தக் காலோடு பிள்ளையின் பின்னால் போனாள். குனிந்து, அவள் முதுகில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினாள்.

"கோ!"

நாற்பது வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். என் உடம்பு தன்னால் எழுந்துவிட்டது, மடியிலிருந்த போன் தரையில் விழுந்தது.

பேத்தி திரும்பி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னா அம்மாயி?" என்றாள். பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து கணக்கை எழுதத் தொடங்கினாள்.